இருகால் கோயிலும் பள்ளிக்கூடத்து வாங்கும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கன்னியாகுமரிக்கு அணித்தாக, வடக்கன்குளம் என்றோர் ஊர் உண்டு. 1872ஆம் ஆண்டில் அவ்வூர்க் கத்தோலிக்கருக்கென எழுந்த கோயில், உலகத்துத் தேவாலயக் கட்டடக் கலைக்குத் தமிழர் சமூகம் வழங்கிய புதுமை எனலாம். பீடம் ஒன்று, பீடத்திலிருந்து பிரிந்து செல்லும் மண்டபங்கள் இரண்டு. ஒரு மண்டபத்தில் முழந்தாளிட்டோர் மறு மண்டபத்தில் முழந்தாளிட்டோரைக் காண இயலாது. இரு சாராரையும் ஒருங்கே காணக்கூடியவர் பூசை நிறைவேற்றும் குருவானவர் ஒருவரே. விரித்துப் போட்ட காற்சட்டை போன்ற இக்கட்டடத்தின் ஒரு காலில் வேளாளரான பிள்ளைமாரும் முதலிமாரும் அவர்களைச் சார்ந்தோரும் இருந்தனர். மறுகால் நாடார்களுக்கு உரியதாயிற்று. ஒரே அப்பத்தை உண்போர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதிருக்க வேண்டும் என்பதற்காகக் கல்லும் சுண்ணாம்பும் செலவிடப்பட்டன. ஒரு மண்டபத்துக்கு வேண்டியதைவிட இரு மண்டபத்துக்குக் கூடுதலாகவே செலவாகியிருக்கும் என்பதைக் கொத்தனாரைக் கேட்டு அறிய வேண்டியதில்லை. சாதியைக் காப்பதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணமும் அங்கே இருந்தது.

இக்கோயிலின் கதையையும் அதைச் சூழ்ந்த சாதிப் பூசலையும் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலில் (2001) தமிழ் வாசகர் முன் வைத்தார். ஆசிரியர்களும் மாணவர்களும் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது. ஆயின், அதைப் படித்தவர்களிற் பலர் ‘மதில் இடிந்தது, நன்மை வென்றது’ என்ற நிறைவோடு நூலை மூடிவிடுகின்றனர். அந்த நிறைவு பற்றியே சில கூற விரும்புகிறேன். மதில் இடிந்தது மெய். யாருடைய உரிமையின் பெயரால் இடிந்தது, யாருக்காக இடிந்தது என்ற வினாக்கள் அவ்வளவு எளிதில் விடைபெறுவனவல்ல.

சமயத்தார் தரப்பில் வழக்கமாகக் கூறப்படும் சமாதானம் ஒன்றுண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ரொபேர்ட் தெ நொபிலி காவியுடுத்து, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற உயர்குலத்தார் பூணூலும் குடுமியும் தரித்திருக்க இடங்கொடுத்தார். பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் 1623இல் அதற்கு இசைவளித்தார். பின்னர் உயர்ந்தோருக்குப் பிராமண சந்நியாசிகள், ஏனையோருக்குப் பண்டார சுவாமிகள் எனக் குருமாரே இரு வகுப்பாயினர். இவையெல்லாம் வேதம் பரப்புவதற்கான உபாயங்கள், காலப்போக்கில் சாதி தானே கரைந்துபோகும் என நம்பினார்கள் என்பதே அச்சமாதானம். கரைந்ததா? 1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் துர்னோன், பறையரின் வீட்டுக்குள் சென்று நோயாளிக்குத் தேவதிரவிய அநுமானங்களை வழங்கக் குருமார் மறுக்கலாகாது என ஆணையிட வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளாக அவ்வாணையைச் சுற்றி வாதம் நடந்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ற் பாப்பரசர் அதை உறுதிப்படுத்தியபோது கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு யாது? பறையர்க்கெனத் தனிக் குருமாரை நியமித்தல்! குருவானவர் பறையர் வீட்டினுள் செல்வார்; ஆனால் அவ்வாறு செல்பவர் வேளாளர் வீட்டினுள் செல்ல மாட்டார். ஆணைக்குக் கீழ்ப்படிந்ததும் ஆயிற்று, சாதியைக் காத்ததும் ஆயிற்று. நொபிலிக்கும் வடக்கன்குளத்துக் கோயிலுக்கும் இடையே ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. அத்தனை காலம் நீடித்த ஒன்றை உபாயம் என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

இனி, மதில் இடிந்த கதை. 1910இல், சேசு சபைக் குருவான கோசானல் சுவாமியாரின் முயற்சியால் பிரிவினைச் சுவர்கள் அகற்றப்பட்டன. பிள்ளைமாரும் முதலிமாரும் நீதிமன்றம் சென்றார்கள். சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும், தங்கள் பகுதி தங்களுக்கே உரியதென்று தீர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. மேற்றிராணியார் பார்த் ஆண்டகை பிரதிவாதி. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற இவ்வழக்கில் வாதிகள் தோற்றனர். நீதிபதிகள் காட்டிய நியாயம் கவனிக்கத்தக்கது. தீட்டு, துடக்கு என்பன இந்துக்களிடையே வழங்கும் விதிகள். வாதிகளும் நாடார்களும் இந்துக்கள் அல்லர். கிறிஸ்தவராயினோர் அவ்விதிகளைக் காட்டி உரிமை கோர முடியாது என்பதே அதன் சாரம். கோயில் திருச்சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதும் சேர்ந்துகொண்டது.

இத்தீர்ப்பைத் தனியே வைத்துப் பார்ப்பவர் மகிழ்ச்சியடைவர். அதனருகே இன்னொரு தீர்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். இராமநாதபுரச் சீமையில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. 1908இல் நாடார்களுக்கு அக்கோயிலில் நுழையும் உரிமை இல்லையென முடிவாயிற்று. ஆக, ஒரே சாதியார், ஒரே காலப்பகுதி, ஒரே ஆங்கிலச் சட்ட ஆட்சி. சைவக் கோயில் வாசலில் நாடார் தீட்டுக்குரியவர். கத்தோலிக்கக் கோயிலில் தீட்டுக்குரியவரல்லர். கமுதியில் வழக்காறு வென்றது. வடக்கன்குளத்தில் மேற்றிராணியாரின் அதிகாரம் வென்றது. நாடாரும் மனிதர், ஆதலால் எங்கும் எவரோடும் சமமாக நிற்க உரியவர் என்ற வாதம் எந்த இடத்திலும் வெல்லவில்லை. தீண்டாமை தவறு என்று வடக்கன்குளத் தீர்ப்புக் கூறிற்றென நினைப்போர் அதை மீண்டும் படிக்க வேண்டும். தீண்டாமை உங்கள் மதத்துக்குரியதன்று என்றுதான் அது கூறிற்று. குடியேற்ற ஆட்சியின் நீதி, சாதியை மதத்தின் சொத்தாக்கி, மதத்துக்கு மதம் வேலியடைத்துப் பங்கிட்டுக் கொடுத்தது.

அடுத்த வினா, யாருக்காக என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடார் சமூகத்தின் ஒரு பகுதியினர் பனையேற்றத்தை விட்டு வாணிபத்தில் முன்னேறினர். கருப்பட்டியும் பருத்தியும் ஏற்றிச்சென்ற மாட்டுவண்டிகளோடு அவர்களுடைய பேட்டைகளும் வளர்ந்தன. உறவின்முறை என்ற அமைப்பும் மகமை என்ற பொது வரியும் அவர்களுக்குப் பலம் தந்தன. 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை நிறுவியது இத்தகைய கூட்டுச் செல்வமே. 1899இல் சிவகாசியில் அவர்கள் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்செயல் அச்செல்வத்தின் மீது கொண்ட பொறாமையையும் காட்டிற்று. வடக்கன்குளத்தில் அவர்கள் தொகையிலும் மிக்கவர்கள். எண்ணிக்கையும் பொருளும் உடைய ஒரு கூட்டம், தன் சமூக நிலைக்கும் பொருளாதார நிலைக்கும் இடையிலான முரண்பாட்டைத் தீர்க்கக் கோரியது; திருச்சபை அதற்குச் செவிசாய்த்தது. இதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழக்கிலே பறையரோ பள்ளரோ வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். காற்சட்டைக்கு இரண்டு கால்கள்தாம் இருந்தன. மூன்றாவது கால் ஒன்றைக் கட்டித்தரும்படி கேட்கும் நிலையில்கூட அவர்கள் இருக்கவில்லை. பொருளற்றவனுடைய மதில் பொருளுடையவனுடைய மதிலோடு சேர்ந்து இடிவதில்லை.

இனி எம்முடைய மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத்தின் வரலாற்றிலும் சாதி தொடக்கத்திலிருந்தே உடன் வந்தது. ஒல்லாந்தர் அடக்குமுறையின் கீழ் 1687இல் மாறுவேடத்தில் வந்து இங்குள்ள கத்தோலிக்கத்தைக் காத்த யோசேப் வாஸ் அடிகளார் கோவாப் பகுதிக் கொங்கணிப் பிராமணர். அவர் சார்ந்திருந்த சபையும் பிராமணக் குருமாரையே கொண்டிருந்தது. அவருடைய தியாகத்தை இது குறைத்துவிடாது. ஆயினும் குறிப்பிடாமல் விடுவதும் நேர்மையன்று. இங்கே இருகால் கோயில் கட்டும் தேவை பெரிதும் எழவில்லை. கரையோரக் கிராமங்களில் ஒரு சாதியாரின் ஊரே ஒரு பங்காக அமைந்துவிட்டமையால், குடியிருப்பே மதிலாக நின்றது. எம்மிடையே இரு கால்கள் வேறோர் இடத்தில் எழுந்தன. அவ்விடம் பள்ளிக்கூடம்.

1847இல் இங்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையார் கல்வியில் ஆற்றிய பணி பெரிது. 1850இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. 1862இல் திருக்குடும்பக் கன்னியாஸ்திரிகள் வந்தனர். பெண்கள் கல்வி வளர்ந்தது. மறுபுறத்தே, சிற்றூர்க் கோயில் வளவுகளில் ஓலைக் கொட்டில்களில் தாய்மொழிப் பாடசாலைகள் நடந்தன. திண்ணைப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க முடியாதிருந்த பிள்ளைகளிற் பலர் எழுத்தறிந்தது இக்கொட்டில்களில்தான். நல்லூரைத் தளமாகக் கொண்டு பணியாற்றிய சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) தமிழறிஞராக மட்டுமன்றி, ஒடுக்கப்பட்ட மக்களிடையே சென்று உழைத்தவராகவும் நினைவுகூரப்படுகிறார். இந்த நன்மையை மறுப்பவன் விமரிசகனல்லன்.

ஆனால் இந்த இரு வகைப் பாடசாலைகளும் ஒரே படிக்கட்டின் கீழ்ப்படியும் மேற்படியும் அல்ல என்பதைக் காண வேண்டும். அவை இரண்டு தனித்தனி மண்டபங்கள். தாய்மொழிப் பாடசாலையில் கட்டணம் இல்லை. அதற்கப்பால் வழியும் இல்லை. ஆங்கிலக் கல்லூரியில் கட்டணம் உண்டு. அதன் மறுவாசல் அரசாங்கக் கந்தோருக்கும் மலாயாவுக்கும் திறந்தது. வயற்காணியும் வீடும் உடையவன் ஈடுவைத்தாவது மகனை ஆங்கிலம் படிப்பித்தான். படித்தவன் சம்பளத்தில் மீண்டும் காணி வாங்கினான். அக்காணியில் உழைத்தவனின் மகன் ஐந்தாம் வகுப்போடு காணிக்கே திரும்பினான். கோயில் வாசலில் எவரையும் தடுக்கவில்லை, கல்லூரி வாசலிலும் சாதி கேட்கவில்லை, கட்டணம் மட்டுமே கேட்டோம் என்று சபையார் கூறலாம். அதுவே போதுமாயிருந்தது. சாதி வழியே நிலம், நிலத்தின் வழியே கட்டணம், கட்டணத்தின் வழியே ஆங்கிலம் என்று அமைந்த ஒரு சமூகத்திலே சாதியைக் கேட்க வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

தப்பித் தவறிக் கட்டணத்தைக் கடந்து உள்ளே வந்தவனுக்கு வாங்கு இருந்தது. யார் வாங்கில் இருப்பது, யார் நிலத்தில் இருப்பது என்ற பிரச்சினை குடாநாட்டுப் பாடசாலைகளை எவ்வளவு பாடுபடுத்திற்று என்பதை அறிவோம். 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டுமென்று உத்தரவு பிறந்தபோது மேலோர் மகஜர் அனுப்பினர், பாடசாலைகள் தீக்கிரையாயின. பிள்ளைகள் ஒரே உயரத்தில் உட்காருவதைத் தடுக்கக் கூரைக்கே தீவைத்த சமூகம் எமது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, எமது இலக்கியம் என்ன செய்தது? தமிழின் முதல் நாவலை எழுதியவர் கத்தோலிக்கர். 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை நேர்மையான முன்சீப், பெண்கல்விக்காக வாதாடியவர், பஞ்ச காலத்தில் தம் பொருளை ஈந்தவர். அவருடைய நாவலின் தொடக்கத்திலேயே பள்ளிப் படிப்பு வருகிறது. செல்வக் குடும்பத்தின் செல்லப்பிள்ளை பிரதாபன். அவன் பாடத்திலே தவறினால் அடி விழுவது அவனுக்கன்று. உடன் படிக்கும் கனகசபை என்னும் பையனுக்கு. வாசகர் சிரிக்கும்படி எழுதப்பட்ட பகுதி இது. செல்வமும் கல்வியும் எந்த உறவில் நின்றன என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன காட்சி அக்காலத் தமிழ் உரைநடையில் அரிது. ஆனால் ஆசிரியர் அதை எங்கே கொண்டு செல்கிறார்? அடிபட்ட கனகசபை பெருங்குடிப் பிறந்தவன் என்று பின்னர் தெரியவருகிறது! அடி வாங்கியவன் உயர்ந்தோன் என்று தெரிந்ததும் கணக்குச் சரியாகிவிடுகிறது. உண்மையிலேயே எளியவனாகப் பிறந்து அடிபட்ட பையனுக்கு அந்நாவலில் இடமில்லை. வேதநாயகரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அவருடைய வர்க்கத்தின் கண் எதுவரை செல்லுமோ அதுவரை அவருடைய கண்ணும் சென்றது.

ஈழத்தின் தொடக்ககாலக் கதைநூலான ‘ஊசோன் பாலந்தை கதை’யை (1891) எழுதிய திருகோணமலை இன்னாசித்தம்பியும் கத்தோலிக்கர். நூலோ ஐரோப்பிய அரசகுமாரர் இருவரைப் பற்றிய வீரக் கதை. தம்மைச் சூழ்ந்திருந்த கடற்கரை மக்களைப் பற்றி ஒருவன் எழுதலாம் என்ற எண்ணம் அன்று எழவில்லை. அதற்காக அவரைக் குறைகூறுவது வீண். அந்த மக்கள் தாமே பேனாவைக் கையில் எடுக்கும் வரை அவர்கள் கதைக்குள் வரவில்லை என்பதுதான் இங்கே மனங்கொள்ள வேண்டியது.

எடுத்தபோது என்ன எழுதினார்கள்? ‘மல்லிகை’ ஆசிரியர் டொமினிக் ஜீவா (1927–2021) யாழ்ப்பாண நகரின் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர். சிகையலங்காரத் தொழில் செய்த குடும்பம். 1999இல் வெளிவந்த ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற சுயசரிதையில், வகுப்பறையிலே ஆசிரியர் தம் குலத்தொழிலைச் சுட்டி இழித்துரைத்ததும் தாம் பள்ளியை விட்டு வெளியேறியதும் சொல்லப்படுகின்றன. கனகசபையின் கதையை இதனருகே வைத்துப் பாருங்கள். இந்தப் பையன் பெருங்குடிப் பிறந்தவன் என்று எந்த அத்தியாயத்திலும் வெளிப்படப் போவதில்லை. அவன் சவரக் கத்தியை எடுத்தான், பின்னர் பேனாவை எடுத்தான். 1960இல் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதியைத் தந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றான். 1966இல் சலூன் ஒன்றிலிருந்து இலக்கிய ஏடு நடத்தத் தொடங்கினான். இவற்றைச் சாதனைக் கதையாகச் சொல்லிப் பெருமைப்படும் வழக்கம் எம்மிடையே இப்போது மலிந்துவிட்டது. ஜீவாவின் சுயசரிதையை அவ்வாறு படிப்பது அதன் கூர்மையை மழுக்குவதாகும். அந்த வகுப்பறையிலிருந்து எழுந்து போன ஒருவன் ஜீவா ஆனான். எழுந்து போய் எதுவும் எழுதாதவர்கள் எத்தனை பேர்? நூலின் தலைப்பிலுள்ள ‘எழுதப்படாத’ என்ற சொல் அவர்களையே எனக்கு நினைவூட்டுகிறது.

கே. டானியலின் ‘கானல்’ (1986) இதே பிரச்சினையை மதமாற்றத்தின் பக்கத்திலிருந்து அணுகுகிறது. விடுதலை வேண்டி வேதத்தில் சேர்ந்த பஞ்சமர்க்கு அவ்விடுதலை கானலாயிற்று என்பதைத் தலைப்பே அறிவிக்கிறது. டானியலின் நாவல்களில் கலையமைதி குறைவு என்று கூறுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. தகவல்கள் மலையாகக் குவிந்து கதையை அமுக்கும் இடங்கள் அவரிடம் பல. ஆனால் ஒரு சமூகத்தின் ஆவணங்களையெல்லாம் மேலோரே எழுதி வைத்திருக்கும்போது, ஒடுக்கப்பட்டோன் எழுதும் நாவல் ஆவணத்தின் வேலையையும் சேர்த்துச் செய்ய நேர்கிறது. அவருடைய குறையென்று சொல்லப்படுவதன் பாதிக்கு வரலாற்றாசிரியர்களே பொறுப்பு.

தமிழகத்துப் பாமாவின் ‘கருக்கு’ (1992) குடியேற்றக் காலத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அக்காலம் விட்டுச்சென்ற பள்ளிகளையே அது காட்டுகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்யும் ஆசையுடன் கன்னியர் மடத்திற் சேர்ந்த ஒரு பெண், அம்மடத்தின் பள்ளிகள் வசதிபடைத்தோருக்கே பெரிதும் பயன்படுவதைக் கண்டு வெளியேறுகிறாள். 1872இன் இரு மண்டபங்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் நின்றன. சுவர் மட்டும் கண்ணுக்குத் தெரியாததாயிற்று.

எம் நாட்டில் 1945இன் இலவசக் கல்வித் திட்டமும் 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதும் கட்டணம் என்ற மதிலைப் பெருமளவு தகர்த்தன. பொறுப்பேற்பை எதிர்த்துக் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுள் புகுந்து தங்கிப் போராடியதையும், சில பெரிய கல்லூரிகள் அரசுக்கு வெளியே நிற்கத் தீர்மானித்ததையும் சமய உரிமை பற்றிய வரலாறாக மட்டுமே இதுவரை எழுதியிருக்கிறோம். அக்கல்லூரிகளில் யாருடைய பிள்ளைகள் படித்தார்கள் என்ற வினாவையும் அந்த வரலாற்றோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

வடக்கன்குளத்துக்கு மீண்டும் ஒரு செய்தி உண்டு. 1745இல் அங்கே ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையிற் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நீண்ட காலம் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே வழங்கிய பெயரிலிருந்து, வேண்டுகோள்களின் பேரில், ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை உரோமாபுரி நீக்கிவிட்டது. நல்லது. பெயரிலிருந்து நீக்குவது மையால் ஆகும் காரியம். கல்லறைகளிலும் பள்ளி நிருவாகங்களிலும் காணி உறுதிகளிலும் உள்ள சாதியை நீக்க மை போதாது.

இதை வாசிப்போரிற் பலர் ஆசிரியர்கள். பழைய மிஷன் பாடசாலைகளிற் கற்பிப்போரும் உங்களில் இருப்பீர்கள். அப்பாடசாலைகளின் அலுமாரிகளில் சேர்வு இடாப்புகள் உள்ளன: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தந்தையின் பெயர், தந்தையின் தொழில், சேர்ந்த வகுப்பு, விலகிய வகுப்பு. தந்தையின் தொழிலையும் விலகிய வகுப்பையும் பக்கத்துப் பக்கம் எழுதிப் பார்க்க ஒரு பேராசிரியர் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் விடுமுறைக் காலமும் போதும். போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தவை போக எஞ்சியவற்றைக் கறையான் தின்றுகொண்டிருக்கிறது. அவற்றைப் படியெடுத்து அனுப்புவோருக்கு இத்தகைய ஏடுகள் பக்கம் ஒதுக்க வேண்டும்.